ஹெட்லைட்டில் கோளாறு இல்லை

டிசம்பர் மாதம், காலை நாலரை மணி. பனி நன்றாக இறங்கியிருந்தது. ரப்பர் தோட்டத்தின் மேல் தட்டில் நின்று பால் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைப் பட்டையில் வைத்து இழுக்கும்போது வெளிச்சம் மேலிருந்து கீழாக மங்கிக்கொண்டே வந்தது. தலையில் மாட்டியிருந்த ஹெட்லைட்டை இரண்டு தட்டுத் தட்டினேன். சார்ஜ் போட மறந்திருப்பேன் என்று நினைத்துக் கழற்றிக் கையில் பிடித்துப் பார்த்தால், விளக்கு நன்றாகத்தான் எரிகிறது.

கீழே பக்கத்து வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. சிவப்புக் காகிதம், உள்ளே ஒரு பல்பு. வலது கண்ணைப் பொத்தினேன், நட்சத்திரம் இருந்தது. இடது கண்ணைப் பொத்தினேன், நட்சத்திரம் இல்லை. முழு இருட்டு என்றும் சொல்ல முடியாது, சாம்பல் நிறத்தில் ஒரு திரை. வலி இல்லை, உறுத்தல் இல்லை, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. மரத்தில் சாய்ந்து நின்றேன். மூன்று நிமிடமோ நாலு நிமிடமோ போயிருக்கும். கடை ஷட்டரைத் தூக்குவது போல அடியிலிருந்து வெளிச்சம் ஏறியது. நட்சத்திரம் பழைய இடத்தில் இருந்தது.

அப்புறம் என்ன செய்தேன்? மிச்சமிருந்த அறுபது மரத்தையும் வெட்டி முடித்தேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. சொந்தமாக இருநூற்றுச் சொச்சம் ரப்பர் மரம். விடியுமுன் வெட்டு, எட்டு மணிக்குப் பால் எடுப்பு, பத்து மணிக்குக் கடை. கடை என்றால் ஜெராக்ஸ், டிடிபி, மனு எழுதிக் கொடுப்பது. அப்போது எனக்கு 47 வயது. பீடி, சிகரெட் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கும் பிரஷரும் சுகரும் சரியாகவே இருந்தன. அதனால் உடம்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வீட்டில் சொன்னேன். "இண்ணைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள் மனைவி. அம்மா, "வெறும் வயித்துல மலையேறினா கறக்கம் வராதா மக்கா? ஒரு சாயா குடிச்சிட்டுப் போ" என்றார். அம்மா சொன்னதுதான் எனக்கு வசதியாக இருந்தது. கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ராத்திரி ஹெட்லைட் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது, பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்து ஆசிட் காட்டம், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்ப்பது. மூன்றுமே நான் செய்கிற வேலை என்பதால் மூன்றையும் நம்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு கண்ணாடிக் கடையில் போய்ப் பரிசோதித்தேன். இரண்டு கண்ணிலும் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். பக்கத்துப் பார்வைக்குக் கொஞ்சம் பவர் கூடியிருக்கிறது என்று புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் சோதித்த நேரத்தில் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவர்களைச் சொல்லிப் பயனில்லை.

என்னை ஏமாற்றியது திரும்பி வந்த அந்தப் பார்வைதான். போன பார்வை போனபடியே இருந்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். வந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இந்த மாதிரி ஒரு கண்ணில் சில நிமிடம் திரை விழுந்து விலகுவதை மருத்துவர்கள் பக்கவாதத்துக்கு முன்னால் வரும் சின்ன அடைப்பின் வரிசையில் வைக்கிறார்கள். கை மரத்துப் போய்ப் பத்து நிமிடத்தில் சரியானாலும் வாய் கோணித் திரும்பினாலும் எவ்வளவு அவசரமோ, இதுவும் அவ்வளவு அவசரம். எனக்கு அது தெரியாது. கண் என்றால் கண்ணாடிக் கடை என்று மட்டும் தெரியும்.

பதினோரு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தேன். தென்னை ஓலை தெரிகிறது, கிணற்றுச் சுவரின் வலப்பக்கம் தெரியவில்லை. இடது கண்ணைப் பொத்தினால் கப்பி வரைக்கும் இருக்கிறது, அதற்குக் கீழே வாளி, கயிறு, தரை ஒன்றும் இல்லை. கோடு போட்டு வெட்டியது போல வலது கண்ணின் கீழ்ப்பாதி போயிருந்தது.

நான் பதறவில்லை, அதுதான் கொடுமை. போன தடவை நாலு நிமிடத்தில் வந்ததே, இதுவும் வரும் என்று கட்டிலில் படுத்தேன். ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டேன். ஏழு ஆனது, எட்டு ஆனது. எட்டரைக்கு மனைவி துணியைப் பிடுங்கிவிட்டு, "கார் சொல்லியாச்சு, எந்திரிங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் முதலில் போன இடத்தில் டாக்டர் இல்லை. அங்கிருந்து தக்கலை, தக்கலையிலிருந்து நாகர்கோவில். முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் விழித்திரை மருத்துவர் முன்னால் உட்காரும்போது மணி பதினொன்றரை.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு (அவருக்கும் ஒரு ஹெட்லைட்!) உள்ளே பார்த்தார். நடுத்தர வயது அம்மா, அதிகம் பேசாதவர். "எத்தனை மணிக்கு ஆச்சு?" என்றார். ஆறு என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் என் வலது கையை எடுத்து மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். கண் டாக்டர் எதற்குக் கையைப் பிடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. விரலை எடுக்கவும் இல்லை. ஒரு நிமிடம் முழுதும், கடிகாரத்தைப் பார்த்தபடி பிடித்திருந்தார்.

"உங்க நாடி தாளம் இல்லாம அடிக்குது. யாராவது சொல்லியிருக்காங்களா?"

யாரும் சொல்லவில்லை. பிரஷர் மெஷின் எண்ணைக் காட்டும், அதைக் குறித்துக்கொண்டு வருவோம், அவ்வளவுதான். பிறகு நானே தொட்டுப் பார்த்தபோது புரிந்தது. மழை விட்ட பிறகு ரப்பர் இலையிலிருந்து தகரக் கூரையில் சொட்டு விழுமே, அப்படி. ரெண்டு சேர்ந்து விழும், பிறகு ஒரு இடைவெளி, பிறகு மூன்று. அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவர் படம் வரைந்து காட்டினார். இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தக்குழாய் கழுத்து வழியாக மண்டைக்குள் போகிறது. அங்கே அது விடும் முதல் பெரிய கிளை கண்ணுக்கு. அதிலிருந்து முடி போன்ற ஒரு குழாய் விழித்திரைக்கு. உள்ளே போய் அதுவும் மேலே கீழே எனப் பிரிகிறது. மேல் கிளையில் ஒரு துணுக்கு ரத்தக்கட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுவதால் மேல் கிளை அடைத்தால் கீழ்ப்பாதி பார்வை போகும். விழித்திரையும் மூளையோடு சேர்ந்த நரம்புத் திசுதான், ரத்தம் இல்லாமல் நாலு மணி நேரம் போல ஆனால் செத்துவிடும் என்றார். சீக்கிரம் வந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி கொடுக்கலாமா என்று பக்கவாதப் பிரிவு உள்ள சில பெரிய ஆஸ்பத்திரிகளில் பார்ப்பார்களாம். நாலரை மணி நேரத்துக்குள் என்பது கணக்கு, அதற்கும் உத்தரவாதம் கிடையாது. எனக்கு ஐந்தரை மணி நேரம் ஆகிவிட்டிருந்தது.

"இனி இந்தக் கண்ணுக்காக நீங்க ஓட வேண்டாம். மூளைக்காக ஓடணும். அந்தக் கட்டி ஒரு கிளை தள்ளிப் போயிருந்தா கை கால் விழுந்திருக்கும். அடுத்தது வர்றதுக்கு இந்த ஒண்ணு ரெண்டு வாரம்தான் ரொம்ப ஆபத்து. இங்க இருந்து நேரா போங்க. வீட்டுக்குப் போய்ட்டு நாளைக்குப் போறேன்னு சொல்லாதீங்க."

சொல்லத்தான் நினைத்திருந்தேன். திங்கட்கிழமை ஒருவருக்குப் பத்திரம் டைப் அடித்துத் தர வேண்டியிருந்தது.

இதய ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்ததுமே படுக்க வைத்துவிட்டார்கள். மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் துடித்துக்கொண்டு மட்டும் இருக்கிறது என்றார்கள். எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மைட்ரல் வால்வு. நல்ல ஆளுக்கு அது 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்கும். எனக்கு 1. கீழே இறங்க வழியில்லாமல் மேலறை பலூன் மாதிரி வீங்கி, அதன் ஓரத்துப் பையில் ரத்தம் தேங்கி, கட்டி.

இது மட்டும் யாரும் விளக்காமலே எனக்குப் புரிந்தது. மரத்தில் அடித்த சில்லு வழியாக ஓடிக்கொண்டிருக்கிற ரப்பர் பால் உறைவதில்லை. சிரட்டையில் விழுந்து, எடுக்க நேரமானால் உறைந்து ஒட்டுப்பால்தான். என் நெஞ்சுக்குள் ஒரு சிரட்டை இருந்திருக்கிறது.

"சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா?" என்று கேட்டார்கள். எனக்கு நினைவில்லை என்றேன். பக்கத்தில் நின்ற அம்மா சொன்னார். ஆறாம் வகுப்பில் தொண்டைவலி வந்து போன பிறகு ஒரு முட்டு வீங்கியது, அது வடிந்ததும் அடுத்த முட்டு, பிறகு கணுக்கால். மூன்று வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. வைத்தியர் தைலக் குழம்பு கொடுத்தார், பூசினோம், சரியாகிவிட்டது. இப்போதும் அதே சொல், சரியாகிவிட்டது. தொண்டையில் வந்த கிருமிக்கு எதிராக உடம்பு கிளப்பிய சண்டை மூட்டை விட்டுவிட்டு வால்வில் தங்கி, முப்பத்தைந்து வருடம் தழும்பாகி இறுகியிருக்கிறது. அப்போதே கண்டுபிடித்திருந்தால் மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று வருடக்கணக்கில் போட்டு, காய்ச்சல் திரும்பத் திரும்ப வராமல் தடுத்திருப்பார்கள். வீட்டில் ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தொண்டைவலிக்குப் பின் மூட்டு மாறி மாறி வீங்கினால் தைலத்தோடு நிறுத்தாதீர்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கச் சொல்லுங்கள், ஒரு எக்கோவும் எடுத்துவிடுங்கள்.

எனக்கு நெஞ்சுவலி ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டு வருடமாக மேல் தட்டுக்கு ஏறும்போது இரண்டு இடத்தில் நின்றேன். கீழ் வரிசையில் வெட்டத் தொடங்கி மேலே போவதை மாற்றி, மேலே ஒரே தடவை ஏறிவிட்டுக் கீழே இறங்கி வெட்டுவது என்று வழக்கத்தை மாற்றினேன். ராத்திரி இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வந்தது. வயசாகுது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மனு எழுதிப் பழகியவனுக்குக் காரணம் எழுதத் தெரியாதா?

மூளை ஸ்கேனிலும் ஒரு புள்ளி இருந்தது. எப்போதோ வந்து, ஒரு அறிகுறியும் காட்டாமல் போன அடைப்பாம். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

மேற்கொண்டு சிகிச்சை திருவனந்தபுரத்தில். 1956-ல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும், பெரிய நோய் என்றால் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்காரர்களின் வண்டி இன்னும் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டித்தான் திரும்புகிறது. போகிறவர்கள் நம் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை, அட்டையைக் கவுண்டரில் நீட்டியபோதுதான் தெரிந்தது. மரத்தடி விற்கும் நிலை வரவில்லை, ஆனால் ஷீட் கட்டு முழுவதும் போனது.

வால்வைத் திறக்க நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக ஒரு குழாயை இதயம் வரைக்கும் கொண்டுபோய், ஒட்டிப்போன வால்வின் நடுவில் பலூனை ஊதித் திறக்கிறார்கள். இனோவே என்ற ஜப்பானிய மருத்துவர் 1984-ல் வெளியிட்ட முறை. ஆனால் மேலறையில் கட்டி இருக்கும்போது அதைச் செய்ய முடியாது, குழாய் பட்டுக் கட்டி கிளம்பிவிடும். அதனால் முதலில் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, தொண்டை வழியாகக் குழாய் விட்டு எக்கோ பார்த்து, கட்டி கரைந்துவிட்டது என்று உறுதியான பிறகே பலூன். நான் விழித்திருந்தேன். ஊதிய ஒரு நொடி தலை லேசானது. வால்வு 1.8 ஆனது. மூன்றாம் நாள் வார்டு வராந்தாவில் நடந்தபோது மூச்சு நெஞ்சின் அடி வரைக்கும் போனது. இவ்வளவு நாள் பாதி மூச்சில் மரம் ஏறியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பலூனுக்குப் பொருந்தாத வால்வு என்றால் மாற்றத்தான் வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அப்படித்தான், சித்திரா வால்வு வைத்தார்கள். திருவனந்தபுரத்திலேயே உருவாக்கி 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய வால்வு அது. ராத்திரி அமைதியாக இருக்கும்போது அவர் நெஞ்சில் டிக் டிக் என்று கேட்கும்.

வால்வு திறந்தாலும் தாளம் திரும்பவில்லை, ஆகவே ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஆயுளுக்கும். என்னுடையது அசிட்ரோம். ரத்தப் பரிசோதனையே வேண்டாத புது மாத்திரைகள் வந்திருக்கின்றனவே என்று கேட்டேன். மூட்டுக் காய்ச்சலால் வந்த மைட்ரல் சுருக்கத்துக்கு அவை வேண்டாம், 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில் பழைய மாத்திரைதான் உயிரைக் காப்பதில் மேல் என்று வந்தது என்றார் டாக்டர். ஆக மாதம் ஒரு தடவை ஐஎன்ஆர், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று பார்க்கும் பரிசோதனை. மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1 இருக்கும், எனக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. ஷீட் எடை எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அதையும் எழுதி வைக்கிறேன்.

முதல் மூன்று மாதம் மனைவி முருங்கைக்கீரையை வீட்டு வாசலைத் தாண்டவே விடவில்லை. கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் என்று யாரோ சொன்னதால். கேட்டபோது டாக்டர் சிரித்தார். நிறுத்த வேண்டாம், வாரம் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள், ஒரு வாரம் ஐந்து நாள் தின்றுவிட்டு அடுத்த வாரம் விடக் கூடாது, அவ்வளவுதான். இப்போது செவ்வாயும் வெள்ளியும் முருங்கைக்கீரை. கீரையைவிடப் பெரிய தொந்தரவு மருந்துக்கடை. இடுப்புவலிக்கு நானே வாங்கித் தின்ற வலி மாத்திரையும், சளிக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்து ஐஎன்ஆரை 4.6-க்குத் தூக்கிவிட்டன. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்காமல் வந்ததால் தெரிந்தது. இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், உட்காருமுன் அசிட்ரோம் என்று சொல்லிவிடுகிறேன். சதையில் ஊசி போட வந்தால் கையை இழுத்துக்கொள்கிறேன். விழுந்து தலையில் அடிபட்டால் வெளியே காயம் இல்லாவிட்டாலும் ஸ்கேனுக்குப் போக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மரம் வெட்டுவதை விட்டுவிடச் சொன்னார்கள். விடவில்லை, பாதியாகக் குறைத்தேன். இடது கையில் தடித்த கையுறை, சட்டைப் பையில் ஒரு கட்டுத் துணி, கிழக்கு வெளுத்த பிறகே வெட்டு. வலப்பக்கம் கீழே இருக்கிற கல்லும் வேரும் தெரியாததால் முதல் மாதம் வலது முழங்கால் முழுக்கச் சிராய்ப்பு. இப்போது வாளியை இடப்பக்கம்தான் வைப்பேன். போன பாதி திரும்பவில்லை, இனித் திரும்பவும் செய்யாது.

கடையில் இதைச் சொல்லிச் சொல்லி இப்போது கண்ணில் எது வந்தாலும் என்னிடம் கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் முதலில் ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கச் சொல்வேன், ஒரு கண்ணிலா இரண்டிலுமா என்பது டாக்டருக்குப் பெரிய தகவல். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் பாதி போனால் கோளாறு மூளையில், நேராக 108. மின்னல் வெட்டுவது போலத் தெரிந்து கறுப்புப் பொட்டுகள் மிதந்தால் விழித்திரை கிழிந்திருக்கலாம், அதற்கும் அன்றைக்கே கண் டாக்டர். வளைந்து நெளிந்த ஒளிக்கோடு மெதுவாகப் பரவி, பிறகு தலைவலி என்றால் பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி, ஆனால் முதல் தடவை என்றால் அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஐம்பது தாண்டியவர்களுக்கு நெற்றிப்பொட்டில் வலி, சாப்பாட்டை மெல்லும்போது தாடை நோவு, கூடவே பார்வை மங்கல் என்றால் அது வேறொரு ரத்தக்குழாய் வீக்கம், மருந்து தொடங்கத் தாமதித்தால் இரண்டு கண்ணும் போகும். அத்தோடு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் கையிலாவது எழுதிக்கொள்ளச் சொல்வேன்.

போன சித்திரையில் எங்கள் அடுத்த தோட்டத்தில் வெட்டுகிற அண்ணன் ஒருவர் ஆதார் நகலுக்கு வந்தவர், பேச்சோடு பேச்சாக, "எனக்கும் நேத்து ரெண்டு நிமிஷம் இடது கண்ணுல சாக்கு போட்டு மூடுன மாதிரி இருந்துச்சு, இப்ப ஒண்ணும் இல்ல கேட்டியா" என்றார். கடையைப் பூட்டினேன். அவரைப் பைக்கில் ஏற்றும்போது, "ஒண்ணும் இல்லைங்கேன், நீ என்னல இப்பிடி" என்று திட்டிக்கொண்டே வந்தார். நாடி ஒழுங்காக இருந்தது, எக்கோவும் சுத்தம். ஆனால் கழுத்தில் ஸ்கேன் வைத்துப் பார்த்ததில் இடப்பக்கக் குழாயில் கொழுப்பு படிந்து பாதிக்கு மேல் அடைப்பு. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இப்படிப் படிந்த கொழுப்பிலிருந்து துணுக்கு பறந்து கண்ணை அடைப்பதுதான் அதிகமாம், என்னைப் போல வால்வில் தொடங்குவது குறைவு. ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் தொடங்கியிருக்கிறார்கள், அடைப்பு கூடினால் ஆபரேஷன். இரண்டு கண்ணும் அவருக்கு முழுசாக இருக்கிறது. மாத்திரைச் சீட்டையும் பீடிக்கட்டையும் ஒரே சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறார்.